எழுபத்தெட்டில் நிற்காத ரயில்

தாமரங்குறிச்சிக்கு நூலகம் வந்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட, ஊரின் கதை முழுவதையும் இணையத்தில் ஒரு நீளக் கோடாகப் போட்டுத் தரும்படி வரலாற்றுக் குழு மரகதத்திடம் கேட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் சான்றிதழ் விண்ணப்பமும் கடைகளுக்கு வெப்சைட்டும் என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டிருந்த மரகதம், சரி என்று சொல்லிவிட்டு, சொன்ன நிமிஷத்திலிருந்து கவலைப்பட ஆரம்பித்தாள். விரலால் இழுத்தால் வருஷங்கள் நகர வேண்டும், ஒரு புள்ளியைத் தொட்டால் படமும் நாலு வரியும் விரிய வேண்டும், எதையும் தொடாமல் இருந்தால் கோடு தானே ஓடி ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் நின்று போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தது போனில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது, கோயில் குடமுழுக்கின் மேல் தண்ணீர்த்தொட்டி திறப்பு விழா ஏறி உட்கார்ந்தது, அதைச் சரிசெய்தால் படங்கள் காணாமல் போயின, படங்களைக் கொண்டுவந்தால் கோடு நடுங்கியது. எல்லாவற்றையும் ஒருவழியாக அடக்கி, ஊரின் பழைய ரயில் நிலையப் படத்தை முதல் புள்ளியில் ஒட்டி, தானாக ஓடும் பொத்தானை அவள் அமுக்கிய அன்று காலையில், தண்டவாளம் பிடுங்கி எத்தனையோ காலமான தாமரங்குறிச்சி நிலையத்துக்கு ரயில் வந்தது.

கரிப்புகை விட்டுக்கொண்டு வந்தது. தண்டவாளம் இருந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எழுந்து வழிவிட்டன. பிளாட்பாரத்தில் நெல் காயப்போட்டிருந்தவர்கள், வண்டி வருவது தெரியாமல் போட்டுவிட்டோமே என்று கோணிப்பையில் அள்ளிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். அடுத்த நாளே கடலைக்காரரும் முறுக்குக்காரியும் அங்கே கடை போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் பேருந்து நிலையத்தில் பாதி, ரயில் நிலையத்தில் பாதி என்று முறை வைத்துக்கொண்டார்கள். ரயில் எங்கே போகிறது என்று பார்க்கப் போனவர்கள் மத்தியானம் திரும்பி வந்து, அது வேறு எங்கேயும் போகவில்லை, இதே ஊரில்தான் நிற்கிறது, ஆனால் வேறு வேறு வருஷத்தில் நிற்கிறது என்றார்கள். கோட்டில் எந்த வருஷத்துக்குப் புள்ளி இருக்கிறதோ அந்த வருஷத்தில் நின்றது. இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்பும் வண்டியில் ஏறி, சாயங்காலக் காப்பிக்கு வீடு வந்துவிடலாம்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வரப்புத் தகராறு உள்ளவர்கள் போய்ப் பழைய எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வந்து இன்னும் பலமாகச் சண்டை போட்டார்கள். ஒருத்தர் தன் தாத்தாவைப் பார்க்கப் போய், அவர் தன்னைவிட இளையவராகவும் முன்கோபியாகவும் இருப்பதைக் கண்டு, பேசாமல் திரும்பினார். எல்லோருக்கும் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: வரலாற்றுக் குழு முக்கியமான நிகழ்ச்சிகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்திருந்ததால், எந்த வருஷத்தில் இறங்கினாலும் அங்கே ஒரு திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், அவர் பேசி முடிக்கும்வரை எழுந்து வர முடியவில்லை.

"எங்க அம்மாவ ஒரு தடவ பாக்கலாம்னு போனேன்" என்று கடலைக்காரர் மரகதத்திடம் முறையிட்டார். "அதுவும் கூட்டத்துலதான் குந்தியிருக்கு. வாய்க்கால் மதகப் பத்தி அவ்ளோ நேரம் பேசுறான் ஒருத்தன். ஒரு சாதாரண நாளா பாத்துப் போடக்கூடாதா தாயி?"

"நானா குடுத்தேன்? குழுவுல குடுத்தத போட்டேன். அங்க போய்க் கேளுங்க" என்றாள் மரகதம். சொன்ன பிறகு, அவர் மனசு புண்பட்டிருக்குமோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள்.

இந்த ரயிலில்தான் ஒரு காலையில் அபரஞ்சி ஏறினாள். அபரஞ்சி மரகதத்தின் கணவன் நடேசனுக்கு அக்கா. மரகதம் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரே சமையல்கட்டில் இருவரும் முட்டிக்கொண்டும் சேர்ந்துகொண்டும் இருந்தார்கள். அபரஞ்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் பந்தல் போட்டு, மேளம் வந்து, அறந்தாங்கியிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை கலியமூர்த்தி மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஊர் அவளைப் பற்றித் தனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னது. சொன்னதைக் கேட்டு அறந்தாங்கியிலிருந்தும் பிறகு யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

"சண்ட போட இல்ல. போய் ஒரு கேள்வி கேக்கணும், எங்கடா போனேன்னு. கேட்டுட்டு வந்துடறேன்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள் அபரஞ்சி.

ஆனால் எழுபத்தெட்டில் ரயில் நிற்கவில்லை. எழுபத்தாறில் பேருந்து நிலையம் திறந்தார்கள், எண்பதில் தண்ணீர்த்தொட்டி திறந்தார்கள், நடுவில் குழுவின் கணக்குப்படி தாமரங்குறிச்சியில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத வருஷத்துக்குப் புள்ளி இல்லை, புள்ளி இல்லாத இடத்தில் வண்டி வேகமெடுத்துத் தாண்டிப் போனது. மற்றவர்களாக இருந்தால் சாயங்காலம் இறங்கி வீட்டுக்கு வந்திருப்பார்கள். அபரஞ்சி இறங்கவில்லை. ரயில் போய்ப் போய் வந்தது, அவள் அந்த ஜன்னலிலேயே இருந்தாள், ஒவ்வொரு சுற்று வரும்போதும் தலையை நீட்டி, "போட்டியாடி?" என்று கேட்டாள்.

"எறங்கி வாங்க அண்ணி. போட்டதும் போவலாம்."

"எறங்குனா நீ மறந்துடுவே. ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? போடு மொதல்ல."

மரகதம் சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வாங்கும் கை நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்தது. வெயிலில் பிடித்தால் வளையல் தெரிந்தது, வளையலுக்குப் பின்னால் எதிர்ப்பக்கத்து ஜன்னலும் தெரிந்தது. எந்த வருஷத்திலும் இறங்காமல் எல்லா வருஷத்தையும் தாண்டிக்கொண்டே இருப்பவர்கள் அப்படித்தான் ஆவார்கள் என்று டிக்கெட் பரிசோதகர் சொன்னார். கோட் போட்ட மரியாதையான மனிதர். அதோடு, ஆடிப்பெருக்கு அன்று விழா, மத்தியானம் விழா முடிந்ததும் இணையப் பக்கத்தை மேலிடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், ஒப்படைத்த பிறகு யாரும் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்கவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டிவிடுவார்கள் என்று குழுத் தலைவர் மெய்கண்டான் முதலிலேயே சொல்லியிருந்தார். அதற்குள் எழுபத்தெட்டுக்கு ஒரு புள்ளி வராவிட்டால் அபரஞ்சி கரைந்தே போவாள்.

மரகதம் முதலில் வெறும் புள்ளி வைத்துப் பார்த்தாள். உள்ளே எழுத்து இல்லாத புள்ளியைக் கோடு சுருக்கி விழுங்கிவிட்டது. 'இந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதி வைத்தாள். ரயில் அந்த இடத்தில் லேசாகத் தயங்கியது, யோசிப்பதுபோல ஒரு தரம் கூவியது, பிறகு போய்விட்டது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'நெல் கொள்முதல் நிலையம் திறப்பு' என்று ஒரு பொய்யை எழுதினாள். ரயில் நின்றது. ஆனால் நிலையத்தில் நிற்கவில்லை, ஊரே இல்லாத ஒரு பொட்டலில், மரம் மட்டை இல்லாமல், காக்கா இல்லாமல், வானம்கூடச் சரியாகப் போடாத ஓர் இடத்தில் நின்றது.

"என்னாடி எழுதுனே? இது நம்ம ஊரே இல்ல" என்று திரும்பி வந்து திட்டினாள் அபரஞ்சி. "எறங்கியிருந்தா அங்கேயே கெடந்து காஞ்சிருப்பேன்."

'அபரஞ்சி திருமணம்' என்று எழுதிப் பார்க்கலாமா என்று மரகதத்துக்கு ஓர் எண்ணம் வந்தது. நடக்காததை நடந்ததாக எழுதினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், எழுதாமல் விரலை மடக்கிக்கொண்டாள்.

மெய்கண்டான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்லவர், எதற்கும் சான்று கேட்பவர். "ஏதாவது நடந்திருக்கணும்ல சார் அந்த வருஷம்" என்று மரகதம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்திருந்தா கல்வெட்டு இருக்குமேம்மா. நான் ஒவ்வொரு சுவரா பாத்தாச்சு" என்றார். கடைத்தெருவில் கேட்டாள், மில்லில் கேட்டாள், தறிக்காரர்களிடம் கேட்டாள். எழுபத்தெட்டு என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள், ஒரே மாதிரி தொண்டையைச் செருமினார்கள், "அந்த வருஷமா, ஒண்ணும் நடக்கலியே" என்றார்கள். ஒன்றுமே நடக்காத ஒரு வருஷத்தை இத்தனை பேர் இவ்வளவு தெளிவாக நினைவில் வைத்திருக்கிறார்களே என்று மரகதத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கவலை ஒரு பக்கம் இருக்க, என்னதான் அது என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு இன்னொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. பெருமாள் கோயில் தெருவில் ராசாயி என்கிற பூக்காரியின் வீட்டுக்குப் போனாள். ராசாயி அந்த ஆவணியில் பந்தலுக்குப் பூக்கட்டியவள். அவளும் தரையைப் பார்த்தாள், செருமினாள், பேச்சை மாற்றுவதற்காகக் காப்பி போட்டு வந்து நீட்டினாள். சூடு பொறுக்காமல் டம்ளரைத் திருப்பிப் பிடித்த மரகதத்தின் கட்டைவிரலில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தடுக்கின. தேய்ந்திருந்தன, ஆனால் படிக்க முடிந்தது: மணமக்கள் கலியமூர்த்தி அபரஞ்சி, அன்பளிப்பு ராசாயி, 10.9.78.

ராசாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன பண்ணச் சொல்றே மரகதம்? கல்யாணத்துக்கு வாங்குனது. பேரு வெட்டிப்புட்டா கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா? நின்னுபோன கல்யாணத்துக்கு மொய்யின்னு கொண்டுபோய் அதுகிட்ட குடுக்க முடியுமா? பொழங்கிக்கிட்டோம். அது வரும்போது மட்டும் வேற டம்ளர்ல குடுப்போம்."

"நீங்க மட்டுமா?"

"நானு மட்டுமா?" ராசாயி முந்தானையை எடுத்தாள். "ஊரு பூரா போய் பாரு."

மரகதம் ஊர் பூரா போனாள். இந்தத் தடவை அவள் எழுபத்தெட்டைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை; குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள், சொம்பைத் திருப்பிப் பார்த்தாள். பேர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்தபடி அடுக்கிவைத்திருந்த தூக்குவாளிகள், பரணில் கிடந்த குடங்கள், அரிசி அளக்கும் படி, எண்ணெய்த் தூக்கு, குழந்தைக்குப் பால் கொடுத்த சங்கடை, மாட்டுக்குக் கழுநீர் வைத்த அகலப் பாத்திரம், எல்லாவற்றிலும் அபரஞ்சியின் பேர் இருந்தது, எல்லாவற்றிலும் அதே தேதி இருந்தது. அவளுக்கென்று வாங்கிய டம்ளரில் இந்த ஊர் ஒரு தலைமுறை காப்பி குடித்திருந்தது. மெய்கண்டானின் வீட்டில் அவர் மனைவி உள்ளே போய் வெண்கலப் பானை ஒன்றைத் தூக்கிவந்து அவர் முன்னால் 'ணங்' என்று வைத்தாள். "சான்று கேட்டீங்களே" என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "எங்க அப்பா குடுத்ததா இது? வருஷா வருஷம் இதுலதான பொங்கல் வைக்கிறோம்" என்றார்.

கடைசியில் மரகதத்தின் வீட்டுச் சமையல்கட்டிலேயே, அரிசிப் பானைக்குள் கிடந்த ஆழாக்கில் அந்த எழுத்துகள் இருந்தன. மாமியார் மகளுக்கென்று வாங்கியது. அபரஞ்சி தன் கையாலேயே தினமும் அதில் அரிசி அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கடை வாசலில் பாத்திரங்கள் மலைபோலக் குவிந்தன. ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, குறுக்கி, பேர் தெரிகிற மாதிரி வெளிச்சம் கூட்டி ஏற்றினாள் மரகதம். கோடு மறுபடி நடுங்கியது, படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, அவள் அவற்றை ஒரே புள்ளிக்குள் அடுக்கி, மேலே ஒரு வரி எழுதினாள்: 'பத்து ஒன்பது எழுபத்தெட்டு. அபரஞ்சியின் கல்யாணத்துக்காக ஊரே பாத்திரம் வாங்கியிருந்த நாள்.' அதில் பொய் இல்லை. மெய்கண்டான் பின்னால் நின்று படித்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்த சுற்றில் ரயில் எழுபத்தெட்டில் நின்றது, பிளாட்பாரம் சரியாக இருந்தது, வேப்பமரம் இருந்தது என்று அதில் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அபரஞ்சி கேள்வியைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு கதவருகே போனபோது, அதே பெட்டியில், பட்டு வேட்டியும் நலுங்கு மையுமாக ஒரு கூட்டம் தடதடவென்று எழுந்ததாம். நடுவில் இருந்த பையன் வியர்த்து விறுவிறுத்து, "நிக்குதா? நெசமா நிக்குதா? எவ்ளோ நேரமா இந்த ஊரத் தாண்டிக்கிட்டே இருக்கு!" என்று கேட்டானாம். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, கேட்க வந்ததைக் கேட்காமல், முதலில் நீ இறங்கு என்று வழிவிட்டாளாம்.

அன்று சாயங்கால வண்டியில் அபரஞ்சி வரவில்லை. மறுநாள் காலையில் தாமரங்குறிச்சியில் எந்த வீட்டிலும் காப்பி ஆற்ற டம்ளர் இல்லை. குடங்கள் இல்லை, தூக்கு இல்லை, மெய்கண்டான் வீட்டு வெண்கலப் பானை இருந்த இடத்தில் வட்டமாகக் கரி மட்டும் இருந்தது. அவள் சாமான், அவள் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு ஊர் பாத்திரக்கடைக்குப் போனது. புதுப் பாத்திரம் வந்த வீடுகளுக்கு மறதியும் சேர்ந்தே வந்தது; பழைய சொம்பு இருந்த இடத்தில் புதுச் சொம்பை வைத்ததும், அபரஞ்சி கல்யாணம் ஜோராக நடந்ததும் ரயில் கொஞ்சம் தாமதமாக வந்ததும்தான் அவர்கள் ஞாபகத்தில் இருந்தது.

"அக்கா நம்ம வூட்லயா?" என்று, டீக்கடையின் புது டம்ளரில் காப்பி குடித்துவிட்டு வந்த நடேசன் சிரித்தான். "அது எந்தக் காலத்துலயோ கட்டிக்கிட்டு அறந்தாங்கி போயிடுச்சே. ஒனக்குத்தான் வேல ஜாஸ்தியாயி என்னென்னமோ தோணுது."

மரகதம் புது ஆழாக்கு வாங்கவில்லை. கையாலேயே அரிசி அள்ளிப் போட்டாள், ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் பற்றவில்லை. சமையல்கட்டு முழுக்க அவள் ஒருத்திக்கே சொந்தமாக இருந்தது. அபரஞ்சிக்கு நல்லது நடந்துவிட்டது, அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன்னோடு இருந்த அந்த அபரஞ்சி எங்கே போனாள், அவள் திட்டிய திட்டெல்லாம் எங்கே போயிற்று, பிரசவத்தில் தன்னுடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்தது.

ஆடிப்பெருக்கு அன்று விழாவுக்கு அபரஞ்சி வந்தாள். பட்டுப்புடவை, பக்கத்தில் வழுக்கைத் தலையும் வெற்றிலை வாயுமாகக் கலியமூர்த்தி. கை கனமாக, வெயில் புகாததாக இருந்தது. மரகதத்தின் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நல்லாருக்கீங்களா? கடையெல்லாம் நல்லாப் போவுதுங்களா?" என்று கேட்டாள். விசேஷத்துக்கு மட்டும் வந்துபோகிற நாத்தனார் கேட்பதுபோலவே கேட்டாள்.

'போட்டியாடி' என்று கேட்ட வாயிலிருந்து இப்போது 'ங்க' வந்தது. பக்கத்தை ஒப்படைக்க மத்தியானம்வரைதான் நேரம் இருந்தது. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து வரிசையாகப் புள்ளி வைக்கத் தொடங்கினாள். 'அபரஞ்சி தம்பி மனைவிக்கு மீன் கழுவக் கற்றுக்கொடுத்த நாள்.' 'இருவரும் பேசாமல் இருந்து, பூனை குட்டி போட்டதால் பேசிக்கொண்ட நாள்.' 'மழையில் சுவர் விழுந்து, ஒரே கட்டிலில் வீட்டில் எல்லோரும் படுத்த நாள்.' 'அபரஞ்சி வத்தக்குழம்பில் வெல்லம் போட்டுவிட்டு, மரகதம் போட்டதாகச் சொன்ன நாள்.'

மெய்கண்டான் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் எப்பம்மா நடந்துச்சு? சான்று வேணுமே."

"ரயில் வரும்ல சார். பொய்யா இருந்தா பொட்டல்ல நிக்கும். நெசமா இருந்தா பிளாட்பாரத்துல நிக்கும். பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு, பொட்டலில் நின்றுவிடுமோ, நிற்காமலே போய்விடுமோ என்ற கவலையோடு ஓடும் பொத்தானை அமுக்கினாள்.

கோடு ஓடத் தொடங்கியது. அபரஞ்சி சும்மா இருக்க மாட்டாமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். மீனைப் படித்தாள், பூனையைப் படித்தாள், சுவரைப் படித்தபோது புருவம் சுருங்கியது. குழம்புக்கு வந்ததும் விரலைத் திரையில் வைத்துக் கோட்டை நிறுத்தினாள்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான் அண்ணி."

"வத்தக்குழம்புல நான் வெல்லம் போட்டேனா?"

"போட்டீங்க."

"எம்மாம் பெரிய பொய்யி. நீ போட்டுட்டு எம்மேல பழி போடுறியா? கல்லு மாதிரி உண்டையா மெதந்துச்சு, கரண்டியால நான்தான் எடுத்து வெளில போட்டேன். போட்டேனா இல்லையாடி?"

வெளியே ரயில் கூவியது. ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார்கள், நெல் காயப்போட்டவர்கள் கோணிப்பையைத் தேடினார்கள், சக்கரங்கள் மெல்ல மெல்லப் பிளாட்பாரத்தை ஒட்டி வந்து நிற்கிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. மரகதம் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"எடுத்துப் போட்டது நீங்க. மொதல்ல உள்ள போட்டதும் நீங்கதான்" என்றாள்.

"ஏடி, வாயக் கழுவுடி" என்று அபரஞ்சி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அடுத்தது என்னா எழுதியிருக்கே, படி."